நான்காவது டப்பா

பாமணியாற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை.
அந்த ஆவணிச் சனிக்கிழமை
ஜெர்மனி வந்து சேர்ந்தது,
திருவள்ளுவர் பஸ்ஸின் கூரையில்
ஒரு பூவன்தாருக்கும் சைக்கிள் டயருக்கும் நடுவே
நான்கு தகர டப்பாக்களாக.

நெல் வியாபாரிகள் சங்கக் கட்டடம்.
எட்டுமுழ வேட்டியைத் திரையாக்கி
கரை தெரியாமல் மடித்துக் கட்டியது நான்.
பதினாறு எம்எம் புரொஜக்டர் ஓட்டத் தெரிந்தவன்
அப்போது மன்னார்குடியில் நான் ஒருவன்தான்.
பெருமையாகவே சொல்கிறேன்.

முப்பத்தொன்றில் எடுத்த படம்.
பேசும்படம். பேசியதெல்லாம் ஜெர்மன்.
கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும் என்று சொல்லித்தான்
ஆளுக்கு இரண்டு ரூபாய் வாங்கியிருந்தார் செயலாளர்.
ஓடவில்லை.

ஐந்து நிமிடம் போயிருக்கும்.
கலியபெருமாள் எழுந்தார்.
ரூர்கேலா இரும்பாலையில் பதினோரு வருஷம்
ஜெர்மன்காரர்கள் சாப்பிடும் இடத்தில் இருந்தவர்.
"நான் சொல்றேன்" என்றார்.
சொன்னார்.

தொப்பிக் கடையில் ஒரு பெண்.
டிராம் கண்டக்டர் ஒருவன்
லீவு நாளில் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு
தன்னை ஜமீன்தார் என்று சொல்லிவிட்டான்.
இதெல்லாம் எங்களுக்கே புரிந்தது.
பொய் சொல்கிறவன் முகத்துக்கு
எந்த ஊரிலும் எழுத்து வேண்டாம்.

வசனம்தான் கலியபெருமாளுடையது.
அவன் இரண்டு வார்த்தை பேசினால்
இவர் ஆறு வாக்கியம் பேசினார்.
"ஆறு காய்ஞ்ச வருஷத்துலயும்
உங்க கடை வாசல் மட்டும் ஈரமா இருக்கே"
என்றானாம் அந்தக் கண்டக்டர்.
"விதைநெல்லைக் கடன் குடுக்குற மாதிரி
பாக்காதீங்க, அறுப்புல திருப்பிக் கேப்பீங்க"
என்றானாம்.
பெர்லினில் ஏது அறுப்பு என்று
யாரும் கேட்கவில்லை.

விளக்குக்குப் பின்னால் நிற்பவனுக்கு
சில விஷயங்கள் தெரிந்துவிடும்.
அவர் திரையைப் பார்த்துச் சொல்லவில்லை.
ஜன்னலோரம் பிலோமினா சிஸ்டர்,
அரசு ஆஸ்பத்திரி, நாற்பத்தொரு வயது,
மடியில் டார்ச் லைட்.
இன்னொன்றும் பார்த்தேன்.
அவர் சொல்வதற்கு முன்பே
அந்த அம்மாள் சிரித்தாள்.
இரண்டு முறை.

மூன்றாவது சுருள்.
தொப்பிப் பெட்டியோடு அவள் டிராமில் ஏறுகிறாள்.
காக்கி உடுப்பில் அவன். டிக்கெட் கட்டு கையில்.
அவள் ஏதோ ஒன்று சொன்னாள்.
கரண்ட் போனது.

இருட்டிலும் கலியபெருமாள் விடவில்லை:
"உங்களை மன்னிச்சேன், ஊரே சிரிச்சாலும்..."

"அவ அப்படிச் சொல்லல."
ஜன்னல் பக்கமிருந்து குரல்.
"சில்லறை வச்சிருக்கியா, இல்ல
அதுவும் இரவல்தானான்னு கேக்குறா."

கொசு கத்துவது கேட்டது.

"கோல்ன்ல நாலு வருஷம் நைட் டூட்டி பாத்தேன்" என்றாள்.
பிறகு, யாரிடமோ மாத்திரை சாப்பிட்டாயிற்றா
என்று கேட்பதுபோல:
"ரூர்கேலால என்ன வேலை?"

"கேன்டீன்ல" என்றார் கலியபெருமாள்.
"பரிமாறிக்கிட்டு இருந்தேன்."

சங்கத் தலைவர்தான் முதலில் சிரித்தார்.
டார்ச் ஒருமுறை எரிந்து
அவர் முகத்தில் நின்று
அணைந்தது.

ஒன்பது நாற்பதுக்கு வெளிச்சம் வந்தது.
நான்காவது டப்பாவைத் திறந்து மாட்டினேன்.
உருளைக்கிழங்கு.
இலைச்சுருட்டு நோய், பூச்சிமருந்து, டிராக்டர்.
மெட்ராஸில் யாரோ டப்பாவை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.
கொடுத்த இரண்டு ரூபாய்க்கு அதையும் பார்த்தோம்.
"இப்ப என்ன சொல்றான்?" என்று
இவர் மெதுவாகக் கேட்கக் கேட்க
அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்:
அசுவினி. வேர். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி.

அந்த டிராம் எங்கே போய் நின்றதோ,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஆற்றில் தண்ணீர் வந்தது.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
நுரையும் சருகுமாக வருவதைப் பார்க்க
பாலத்தில் நின்ற கூட்டத்தில்
அவர்களும் நின்றார்கள்,
நடுவில் ஒரு சைக்கிள்.
அவர் ஏதோ கேட்டார்.
அவள் பதில் சொல்லுமுன்
லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.